பாலத்தடியான் தல வரலாறு

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வெறும் வாய்ச்சத்தியம் அல்ல. ஐந்தருவியில் தலை முழுகி, ஈர வேட்டி காயுமுன் நடந்து வந்து, பாலத்தடியான் சந்நிதியில் உள்ளங்கையில் சூடம் ஏற்றி, அது எரிய எரிய மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லி, மற்றக் கையால் அடித்து அணைத்த சத்தியம். உள்ளங்கைக் கொப்புளம் ஆறவே ஒரு மாதம் ஆயிற்று. இதற்கு மேலும் நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

தென்காசியில் கடிகாரம் பழுது பார்ப்பவர் உண்டு, குடை பழுது பார்ப்பவர் உண்டு. பூதம் பழுது பார்ப்பவர் சிவசைலம் ஒருவர்தான். ஆய்க்குடிப் பக்கம் நிலபுலத்தோடு இருந்த குடும்பம். நிலம் போய், கோயில் மரியாதை போய், கடைசியில் நல்ல கையெழுத்தும் இங்கிலீஷும் மட்டும் மிஞ்சின. அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு டுடோரியலில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு, கடலுக்கு அந்தப்பக்கம் இருந்து ஒரு விளையாட்டுக் கம்பெனி வேலை கொடுத்தது.

அது மேஜை விளையாட்டு. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தை வாயாலேயே கட்டிக்கொண்டு, பகடை உருட்டி ஆடுவார்கள். ஒருத்தர் கதைசொல்லி. வழியில் வரும் பூதம் பிசாசெல்லாம் அவர் பொறுப்பு. பழைய பூதங்களை அடித்து அடித்து ஆட்டக்காரர்களுக்கு அலுத்துப்போவதால், அவற்றைப் புதுக்கிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. சிவசைலம் புதுக்கினார். ரத்தம் குடிக்கிற பிரபுவை, சைவக் குடும்பத்தில் பெண்ணெடுத்து, மாமியாரிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் பீட்ரூட் பொரியலில் காலம் தள்ளுகிறவர் ஆக்கினார். பார்த்தவரைக் கல்லாக்கும் பாம்புத்தலைக்காரியை, கல்லாய்ப் போனவர்களின் வீட்டுக்கு வருடம் ஒரு கடிதம் போடுகிறவள் ஆக்கினார். புதையல் காக்கும் நெருப்புநாகத்துக்கு, பெட்டிக்குள் ஒன்றுமே இல்லையோ என்ற சந்தேகத்தைக் கொடுத்து, திறந்து பார்க்கப் பயப்பட வைத்தார். அந்த நாகத்துக்காக அழுத ஆட்டக்காரர்கள் உண்டு என்று கம்பெனியிலிருந்து எழுதினார்கள்.

பதினோரு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு பூதங்கள். ஒன்றின் கீழும் அவர் பெயர் கிடையாது. கம்பெனிப் பெயர்தான்.

"ரேஷன் கார்டுல இருக்குல்லா உங்க பேரு," என்பாள் அவர் மனைவி கல்யாணசுந்தரி. "அதுவும் என் பேருக்குக் கீழதான். இருந்தாலும் இருக்கு."

தாம் வார்த்த பூதத்தின் கீழ் தம் பேர் வர வேண்டும் என்ற ஆசை சிவசைலத்துக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பது அவருக்கே சென்ற வருடம் மே மாதம்தான் தெரிந்தது. கம்பெனியின் எடிட்டரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. புதிதாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். பழம்பூதங்களை உலகத்தின் பல மூலையிலிருந்தும் ஆட்கள் புதிதாக வார்க்க வேண்டும். ஒவ்வொரு பூதத்தின் கீழும் வார்த்தவர் பெயர் கொட்டை எழுத்தில் வரும். நிபந்தனை இரண்டே. பூதம் முழுக்க அவருடைய சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும். மூன்று தடவை ஆட்களை வைத்து ஆடிப் பார்த்து, போட்டோவோடு அறிக்கை அனுப்ப வேண்டும்.

சிவசைலத்துக்கு விழுந்தது ட்ரோல். மேற்கே பழங்கதைகளில் பாலத்தடியில் குடியிருக்கும் பூதம் அது. பாலத்தைக் கடக்கிறவனைப் பிடித்துத் தின்னும். கையை வெட்டினால் கை முளைக்கும், தலையை வெட்டினால் தலை முளைக்கும். நெருப்பு ஒன்றுக்குத்தான் சாகும்.

நெருப்பை அவர் மாற்றவில்லை. மற்றதையெல்லாம் மாற்றினார். அவருடைய பூதம், அந்தப் பாலத்தைக் கட்டிய கொத்தன். கட்டி முடித்து நூற்றைம்பது வருடம் ஆகிறது. திறப்புவிழாக் கல்லில் ராஜா பேர், மந்திரி பேர், மாலை வாங்கி வந்தவன் பேர் வரைக்கும் வெட்டினார்கள். கொத்தன் பேர் இல்லை. அவன் பாலத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. கடக்க வருகிறவனிடம் அவன் ஒன்றே ஒன்று கேட்பான்: "இந்தப் பாலத்தக் கட்டுனது யாரு?" எந்தப் பேரைச் சொன்னாலும் தண்ணீருக்குள் இழுப்பான். "எனக்குத் தெரியல, உம்ம பேரு என்ன?" என்று திருப்பிக் கேட்கிறவனை மட்டும் தோளில் தூக்கி அக்கரையில் விடுவான்.

எழுதி முடித்த அன்று சிவசைலம் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு அதையே திரும்பத் திரும்பப் படித்தார். இருநூற்றுப் பதினான்கிலும் அதைப் போல ஒன்று அமைந்ததில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

ஆட்டத்துக்குப் பாலத்தின் படம் வேண்டும். கற்பனையாக ஒன்று வரையச் சோம்பல்பட்டு, மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகும் வழியில் உள்ள ஓடைப்பாலத்தை, பக்கத்தில் நிற்கும் மருதமரம் உட்பட, அப்படியே காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வரைந்தார். பூதத்துக்கு ஒரு பொம்மை வேண்டும். சிற்றாற்றில் பொறுக்கிய முட்டைக்கல் ஒன்றை எடுத்து வைத்தார். அவர் செய்த தப்பு இந்த இரண்டும்தான்.

ஆட வந்தவர்கள் மூன்று பேர். வக்கீல் குமரகுரு, சிவசைலத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. உலகம்மாள், தாலுகா ஆபீஸில் நில அளவைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள், சுரண்டைக்காரி. இசக்கிதுரை, இலஞ்சியில் ஆட்டோ ஓட்டுகிறவன்; சிவசைலத்திடம் இங்கிலீஷ் படிக்க வந்து, இங்கிலீஷ் வராமல் பழக்கம் மட்டும் தங்கிப்போனவன்.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை. சாரல் ஆரம்பித்திருந்தது. தென்காசிச் சாரல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். வந்த மூவரும் குடையை இடுப்புக்கு நேரே பிடித்தபடி வந்து சேர்ந்தார்கள். கேரம் போர்டை மேஜையாக்கி, படத்தை விரித்து, கல்லைப் பாலத்தடியில் வைத்தார் சிவசைலம். குமரகுரு வாள்வீரன், உலகம்மாள் மந்திரக்காரி, இசக்கிதுரை திருடன். மூவரும் பாலத்துக்கு வருகிறார்கள். கீழேயிருந்து பனைமரப் பருமனில் ஒரு கை எழும்புகிறது.

"இந்தப் பாலத்தக் கட்டுனது யாரு?" என்றார் சிவசைலம், பூதத்தின் குரலில்.

"பொதுப்பணித்துறை," என்றார் குமரகுரு.

"தப்பு. அது உம்ம இழுக்க வருது. வாள எடுத்துப் பகடைய உருட்டும்."

"எதுக்கு?"

"வெட்டத்தான் வே."

"ஒரு நோட்டீஸ்கூடக் குடுக்காமயா?"

உலகம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். "தம்பி, இது எத்தன வருசமா இங்கன இருக்கு?"

"நூத்தம்பது வருசம்க்கா."

"அப்ப அனுபவ பாத்தியதை வந்துட்டு. காலி பண்ணச் சொல்ல நாம யாரு?"

"அக்கா, அது ஆளத் திங்கும்."

"தாசில்தார்கூடத்தான் திங்காரு. வெட்டவா செய்யுதோம்?"

இசக்கிதுரை பகடையைத் தொடவேயில்லை. கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "சாமி, தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டோம். எங்கள விட்டுரும். உமக்கு ஒரு பீடம் போட்டு, வருசா வருசம் கொடை குடுக்கோம்."

"லேய், அது சாமி இல்லலே. பூதம்."

"இப்பதான் அண்ணாச்சி பூதம். பீடம் போட்டா சாமி."

விதிகளில் இதற்கு இடமில்லை. ஆனால் ஆட்டக்காரன் எதைச் சொன்னாலும் பூதம் என்ன நினைக்கிறது என்று பகடையிடம் கேட்க வேண்டும் என்பது விளையாட்டின் அடிப்படை நியாயம். சிவசைலம் நியாயக்காரர். இருபது முகப் பகடையை உருட்டினார். இருபது விழுந்தது. அதற்கு மேல் அதில் எண் கிடையாது. பூதத்துக்குப் பரம திருப்தி. மூவரும் நனையாமல் அக்கரை போனார்கள்.

பூதத்தின் பேர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் பிரித்துக் காட்ட ஒரு மடித்த காகிதத்தை சிவசைலம் சட்டைப்பையில் வைத்திருந்தார். அது அங்கேயே இருந்தது.

மறுநாள் கேரம் போர்டின் மேல் கல்லைக் காணவில்லை. இசக்கிதுரைக்குப் போன் போட்டார்.

"பாலத்துல வச்சிருக்கேன் அண்ணாச்சி. நம்ம மேலகரம் பாலம். மருதமரத்துக்குக் கீழ மூணு செங்கல் அடுக்கி, மஞ்சள் தேச்சி, சிவப்புத்துணி சுத்தி வச்சிட்டேன்."

"எதுக்குலே?"

"வாக்குக் குடுத்தாச்சுல்லா."

"விளையாட்டுலதானலே குடுத்த."

"விளையாட்டுல குடுத்தா என்ன, குடுத்த வாய் இந்த வாய்தான அண்ணாச்சி. நான் தெனமும் நாலு சவாரி அந்தப் பாலத்து வழியாத்தான் போவணும்."

சிவசைலம் சிரித்தார். அன்று சிரித்தது சத்தியம்.

நாலு நாளில் கல்லுக்கு வேறு யாரோ மாலை போட்டிருந்தார்கள். பத்தாம் நாள் கேரளாவுக்கு மணல் ஏற்றிப்போன லாரி ஒன்று பாலத்தின் மேல் நின்றுவிட்டது. புனலூர்க்கார டிரைவர் இறங்கிக் கல்லைப் பார்த்தான், தேங்காய் வாங்கி வந்து உடைத்தான், வண்டி கிளம்பியது. கிளீனர் கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றியதும் அதே நேரம்தான் என்பதால், எதனால் கிளம்பியது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு செங்கோட்டை வரை போகிற லாரிகளெல்லாம் பாலத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போக ஆரம்பித்தன. ஐந்தருவிக் குரங்குகள் வரிசையாக வந்து, தேங்காய்ச் சில்லை எடுக்குமுன் ஒரு தடவை மரத்தைச் சுற்றின. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது ஆட்டம் ஜூன் கடைசியில். சிவசைலம் இந்த முறை விதிகளை இறுக்கியிருந்தார். பீடம் என்ற பேச்சை எடுத்தால் பூதத்துக்குக் கோபம் இரட்டிப்பு. ஆனால் ஆட்டம் தொடங்குமுன்பே வாள்வீரனுக்கும் மந்திரக்காரிக்கும் தகராறு வந்துவிட்டது. வருடத் திருவிழாவான கொடையில் முதல் பரிவட்டம் யாருக்கு?

"நான் இல்லன்னா எடத்துக்கு நாளைக்கு ஹைவேஸ்காரன் வந்து நிப்பான். ஸ்டே வாங்கப் போறது யாரு?" என்றார் குமரகுரு.

"எடம் எங்க இருக்குன்னு ஒமக்குத் தெரியுமா வக்கீலய்யா? ஓடைப் புறம்போக்கு எதுவரைக்கும், ரோடு எதுவரைக்கும்னு அளந்தது நான். பழைய மேப்ப எடுத்துக் குடுத்தது நான்."

"அளந்தவங்களுக்கெல்லாம் பரிவட்டம் கட்டணும்னா ஊர்ல துணி பத்தாது."

"வாயால வழக்காடுனவங்களுக்குக் கட்டலாமோ?"

இரண்டு மணி நேரம் ஆயிற்று. பூதம் இடுப்பளவுத் தண்ணீரில் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தது. சிவசைலம் இரண்டு தடவை, "பூதத்தோட முறை வந்துட்டு," என்று சொல்லிப் பார்த்தார்.

"சித்த பொறும் வே," என்றார் குமரகுரு. "அதப் பத்தித்தான பேசிக்கிட்டு இருக்கோம்."

அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து போகும்போது, உலகம்மாள் பூதத்தின் குறிப்புத்தாளை எடுத்துப் போனாள். தல வரலாறு வேண்டுமாம். தமிழில் எழுதி, கம்ப்யூட்டரில் அடித்து, லேமினேஷன் போட்டு மருதமரத்தில் மாட்டினார்கள். கொத்தன், நூற்றைம்பது வருடம், வெட்ட வெட்டத் தளிர்ப்பது, நெருப்பு ஆகாது என்பது, எல்லாம் வரிக்கு வரி இருந்தது. கீழே கடைசி வரி மட்டும் லேமினேஷன் தாளுக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் கத்தரித்துவிட்டார். கடைசி வரியில் இருந்தது: ஆக்கம், சிவசைலம்.

ஆடி பிறந்ததும் கோயில் நிஜமாகவே எழும்பிவிட்டது. தகரக்கூரை, சிமென்ட் பீடம், ஏழடியில் மீசை வைத்த சிலை, ஒரு கையில் கொத்துக்கரண்டி, ஒரு கையில் மட்டப்பலகை. பேர் பாலத்தடியான். யார் வைத்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் எப்போதும் அப்படித்தானே என்றார்கள். தல வரலாற்றில் உள்ளபடி நெருப்பு சுத்தமாக ஆகாது. பொங்கல் இல்லை, அவலும் மங்குஸ்தானும்தான் படையல். விளக்கு இல்லை, சீரியல் பல்புதான். மடியில் பீடி வைத்திருப்பவர்கள் பாலத்துக்கு முன்பே வேலிக்காலில் செருகிவிட்டு வர வேண்டும்.

நடுவில் ஒரு லாரி திரும்பும்போது இடித்து, சிலையின் கரண்டிக் கை ஒடிந்துபோயிற்று. மறுவாரம் பார்த்தால் கை முளைத்திருந்தது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. வெட்ட வெட்டத் தளிர்ப்பவன் என்று இசக்கிதுரை ஆட்டோவின் பின்னால் எழுதிக்கொண்டான். கையைக் கட்டிய கொத்தனார் கீழப்பாவூர்க்காரர், கூட்டத்தில்தான் நின்றிருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது ஆட்டம் நடக்கவேயில்லை. குமரகுரு ஒரு கமிட்டி, உலகம்மாள் ஒரு கமிட்டி. இருவரும் ஒரு கேரம் போர்டில் உட்காரமாட்டார்கள். அறிக்கை அனுப்ப வேண்டிய தேதியோ நெருங்கிவிட்டது. சிவசைலம் கோயிலுக்குப் போய், மூன்று பேரையும் தனித்தனியாகச் சிலைக்கு முன் நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டு, போட்டோ எடுத்து, ஒன்று விடாமல் உண்மையை எழுதி அனுப்பினார். எழுதும்போது அவருக்கு உள்ளூரப் பெருமைதான். உலகத்தில் எந்த மேஜையில் எந்தப் பூதம் இந்த அளவுக்கு ஆட்டக்காரர்களைப் பிடித்திருக்கும்? புத்தகத்தில் தம் பேர் எந்த அளவு எழுத்தில் வரும் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் எடிட்டரம்மாவின் பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். இத்தனை அழகான படங்களைப் பார்க்கக் கிடைத்தது தங்கள் பாக்கியம் என்றாள். ஆனால் படத்தில் மரத்தில் தொங்கும் தல வரலாறே சொல்வதுபோல, இது நூற்றைம்பது வருடமாக மக்கள் கும்பிட்டுவரும் சாமி. ஒரு சமூகத்தின் உயிருள்ள நம்பிக்கையைப் பகடையால் அடிக்கும் பூதமாக அச்சிடுவது மரியாதைக் குறைவு. அதைவிட முக்கியம், ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததைத் தனியொருவர் தம் கற்பனை என்று சொல்லிப் பேர் போட்டுக்கொள்வதைக் கம்பெனியின் கொள்கை அனுமதிக்காது. சிவசைலம் இதைப் புரிந்துகொள்வார் என்று நம்புகிறாள்.

அவர் கடிதத்தை நாலு தடவை படித்தார். பிறகு வேட்டியை மாற்றிக்கொண்டு குமரகுரு ஆபீஸுக்குப் போனார்.

"ஒரே ஒரு லெட்டர் வே. இத நான்தான் எழுதுனேன், ஜூன் மாசம் எங்க வீட்டுல வச்சி ஆடுனோம்னு. நீரு வக்கீலு, சீல் வச்சிக் குடுத்தா நம்புவா."

குமரகுரு மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "சாமிய நீரு உண்டாக்குனீருன்னு நான் கையெழுத்துப் போடணும். போட்டுட்டு நாளைக்கு நான் கோர்ட்டுக்கு எந்தப் பாலத்து வழியாப் போவ?"

"நீரு அங்கன இருந்தீரே வே. பொதுப்பணித்துறைன்னு சொன்னீரே."

"அவரு என் வாயில வந்து சொல்ல வச்சிருக்காரு. இப்பல்லா தெரியுது."

உலகம்மாள் வீட்டில் மோர் கொடுத்தாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "தம்பி, நூத்தம்பது வருசமா இருக்காருன்னு நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

"அப்ப நீ பொறக்கவே இல்லையே. பொறக்காத ஆளு எப்படி உண்டாக்கியிருக்க முடியும்? ரிக்கார்டுன்னா ரிக்கார்டுதான்."

இசக்கிதுரையிடம் போவதற்குள் அவனே எதிரே வந்தான். அவனுக்கு இப்போது நெற்றி நிறையத் திருநீறு, சாமியாடி அவன்தான். "அண்ணாச்சி, ஒங்க மேல எனக்கு மரியாத எப்பவும் உண்டு. அவரப் பத்தி ஏட்டுல எழுதக் குடுத்து வச்சது நீங்க. ஆனா எழுதுனவங்க எல்லாம் உண்டாக்குனவங்கன்னு ஆயிருமா? அப்ப எங்க வீட்டு கரண்ட் பில்லு எழுதுதவரா கரண்ட உண்டாக்குனாரு?"

வீட்டுக்கு வந்து படுத்தவரிடம் கல்யாணசுந்தரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "மனசப் போட்டு ஒழப்பாதீங்க. ஒங்க பேரு வரணும்னு நான் போன வாரமே நேந்துக்கிட்டேன்."

"யாருக்கு?"

"பாலத்தடியானுக்குத்தான். எல்லாருக்கும் கேட்டது நடக்குதாம்."

ஆடிக் கடைசிச் செவ்வாய் கொடை. பகல் பன்னிரண்டு மணிக்கு நையாண்டி மேளம் முழங்க, பாலத்தின் இருபக்கமும் வண்டிகள் நிற்க, சிவசைலம் கூட்டத்துக்குள் நுழைந்தார். மடியில் தீப்பெட்டி. அவருடைய யோசனை நேரானது. பூதத்தின் சாவு எதில் என்று எழுதியவர் அவர். சாமி என்றால் நெருப்பில் சாகாது, பூதமென்றால் சாகும். செத்தால் அது அவருடையது. சிவப்புத்துணியில் ஒரு மூலை பற்றினால் போதும், ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம்: மூன்றாவது ஆட்டம் முடிந்தது, பூதம் கொல்லப்பட்டது.

பீடத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து முதல் குச்சியைக் கிழித்தார். பற்றவில்லை. மூன்று நாளாக விடாத சாரல்; மருந்து ஊறிப்போயிருந்தது. இரண்டாவது முறிந்தது. மூன்றாவதன் மருந்து மட்டும் பொட்டுப்போல வழுக்கிக்கொண்டு உதிர்ந்தது. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவதில் ஒரு பொறி வந்தது என்று அவர் இன்றும் சொல்கிறார். அதற்குச் சாட்சி இல்லை. எட்டாவதைக் கிழிக்கும்போது மேளம் நின்றிருந்தது.

இசக்கிதுரை எதிரே நின்றான். உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. கண் அவன் கண்ணாக இல்லை. கையில் சிலையின் கரண்டியைப் போலவே ஒரு கரண்டி. கூட்டம் வட்டமாக விலகிற்று. அவன் குரல், சிவசைலம் ஜூன் மாதம் தம் வீட்டில் கேரம் போர்டுக்கு மேலே குனிந்து பேசிக் காட்டிய அதே குரல்.

"இந்தப் பாலத்தக் கட்டுனது யாரு?"

சட்டைப்பையில் மடித்த காகிதம் நனைந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரிந்த ஒரே ஆள் அவர். விடையை எழுதியதே அவர்தான். மழைக்கு மேலே தெளிவாகக் கேட்கும்படி, எல்லோரையும் பார்த்துச் சிவசைலம் சொன்னார்:

"நான்தான் கட்டுனேன்."

விதிப்படி நடந்தது. இழுத்தார்கள். ஓடையில் இடுப்பளவுத் தண்ணீர். படையல் முடிந்து மங்குஸ்தான் பங்கு வைத்து முடியும் வரை அவரை அதிலேயே நிறுத்தினார்கள். யாரும் அடிக்கவில்லை, வயசானவர் என்று ஒருத்தர் குடைகூடப் பிடித்தார். பையிலிருந்த காகிதம் கரைந்து தண்ணீரோடு போயிற்று. அதனால் நஷ்டமில்லை. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எவனாவது கேட்டால் அப்போது ஒரு பேர் யோசித்துக்கொள்ளலாம் என்று வெறுமனே மடித்து வைத்திருந்தார்.

கொடை முடிந்த கையோடு இரண்டு கமிட்டியும் முதல்முறையாக ஒன்றுகூடி ஒரே தீர்மானம் போட்டன. வாசலில் பலகை வைத்தார்கள். மஞ்சளில் சிவப்பு எழுத்து, இலஞ்சி வளைவிலிருந்தே படிக்கலாம்: "இக்கோயிலுக்குள் செருப்பு, தீப்பெட்டி, சிவசைலம் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை."

புத்தகம் ஜனவரியில் தபாலில் வந்தது. கனமான அட்டை. நூற்றெட்டு பூதங்கள், நூற்றெட்டு பேர்கள், எல்லாம் கொட்டை எழுத்தில். ட்ரோலை வேறு யாரோ வேறு எங்கிருந்தோ புதுக்கியிருந்தார்கள். அதற்கு இப்போது இறக்கை இருந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: தென்காசி மக்களின் நம்பிக்கைகளுக்கு எங்கள் வணக்கம்.

சிவசைலம் அந்த வரியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தபோது கல்யாணசுந்தரி வெளியே கிளம்பினாள். கூடையில் அவலும், பழக்கடையில் சொல்லி வைத்து வாங்கிய மங்குஸ்தானும் இருந்தன.

"எங்க போற?"

"நேத்திக்கடன் பாக்கி இருக்குல்லா. சொன்னபடி பேர வரவச்சுட்டாருல்லா, அதுவும் இலஞ்சி வளைவுல நின்னே படிக்கிற எழுத்துல." செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "நீங்க வர முடியாது. நான் ஒங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வாரேன்."

கடைசியாக ஒரு தகவல். பாலத்தடியான் சந்நிதியில், கல் வைத்த நாள் முதல் இன்று வரை, ஒருவர்கூட ஒரு தடவைகூடச் சூடம் ஏற்றியதில்லை.